கோட்டாறு பைண்டிங் கடை நோட்டு: நாலு வருஷம் எழுதிப் பார்த்தபின்

நாகர்கோவில் கோட்டாறு கடைத்தெருவில், மளிகைக் கடைகளைத் தாண்டி உள்ளே திரும்புகிற ஒரு சந்தில் சின்ன பைண்டிங் கடை இருக்கிறது. போர்டு கிடையாது. வாசலில் வெட்டிப்போட்ட காகிதத் துணுக்கு கிடக்கும், பசை காய்ச்சுகிற வாசனை வரும். அதுதான் அடையாளம். 2021 டிசம்பரில் மகனுடைய ரிக்கார்டு நோட்டை பைண்டு பண்ணக் கொடுக்கப் போனேன். காத்திருந்த நேரத்தில், கடைக்காரர்களுக்காக அடுக்கிவைத்திருந்த பேரேடுகளைப் பார்த்து, “எனக்கும் ஒண்ணு போட்டுத் தருவியளா அண்ணாச்சி” என்று கேட்டேன். அன்று தொடங்கி வருஷத்துக்கு ஒன்று. இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது.

ஒரு நோட்டுக்கு இத்தனை எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். என் தொழிலைச் சொன்னால் புரியும். சமையலறை டப்பா, தண்ணீர் பாட்டில், பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் இவற்றை 2017 முதல் வீடுகளில் டெமோ காட்டி விற்கிறேன். நேரடி விற்பனைக் கம்பெனி. ஒரு வீட்டில் எட்டுப் பத்துப் பெண்கள் கூடுவார்கள், கூட்டிய வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு பரிசு உண்டு. வந்தவர்களில் யாராவது ஒருத்தி “அடுத்த மாசம் எங்க வீட்டுல வையுங்க அக்கா” என்று சொல்ல வேண்டும். அதுதான் புக்கிங். புக்கிங் இருந்தால் டெமோ, டெமோ இருந்தால் ஆர்டர். புக்கிங் நின்றுபோனால் அடுத்த மாதம் என் வீட்டு அடுப்பிலும் அது தெரியும். வருஷத்தில் இரண்டு மாதமாவது அப்படி நிற்கும். அந்த மாதங்களில் என்னைக் காலையில் எழுப்பி வெளியே அனுப்பியது இந்த நோட்டுதான்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். லாங் சைஸ், இரண்டு கொயர், கோடு போட்ட தாள். அண்ணாச்சி தாள்களைக் கட்டுக் கட்டாக மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் ஊசி விட்டுத் தைப்பார். நூலை முதலில் மெழுகுக் கட்டியில் இரண்டு தடவை இழுத்துக்கொள்வார், அப்போதுதான் தாளை அறுக்காது. மைதா பசையில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார். அதனால் கரப்பானும் பூச்சியும் பக்கத்தில் வராது. என்னுடைய 2022 நோட்டு மூன்று மழைக்காலம் அலமாரியில் கிடந்தும் ஓர் ஓரம்கூட அரிபடவில்லை. முதுகுக்குக் காலிகோ துணி, மேலட்டைக்குக் கறுப்பு ரெக்ஸின். விரித்தால் விரித்தபடியே கிடக்கும், கையால் அழுத்திப் பிடிக்க வேண்டாம். வடசேரி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிற எனக்கு அது பெரிய விஷயம். முதல் நோட்டு 160 ரூபாய், கடைசியாக வாங்கியது 220. ஸ்டேஷனரி கடையில் ரெடிமேடாக இதில் பாதி விலைக்குக் கிடைக்கும். நானும் முன்பு அதைத்தான் வாங்கினேன். பசை வைத்து ஒட்டிய நோட்டு, ஜூன் மழையில் நாலு நாள் பையில் கிடந்தால் தாள் தாளாக வந்துவிடும்.

குறையும் உண்டு. ரெக்ஸின் மூலையில் ஈரம் ஏறினால் உப்பிக்கொண்டு வருகிறது, நாலு நோட்டிலும் இப்படித்தான். 2024 நோட்டில் தாள் மெல்லியதாகப் போய்விட்டது, ஜெல் பேனாவில் எழுதினால் மறுபக்கம் தெரிந்தது. பந்துமுனைப் பேனாதான் சரி. அப்புறம், சொன்ன நாளில் கிடைக்காது. புதன்கிழமை வா என்றார், அடுத்த திங்கள்தான் கைக்கு வந்தது. ரிக்கார்டு நோட்டு குவிகிற சமயம், அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

சரி, இதில் என்ன எழுதுகிறேன்? இடது பக்கம் வீட்டுக் கணக்கு. ஒரு வீட்டுக்கு அரைப் பக்கம். என்ன வாங்கினார்கள், எந்த மாதம், எந்த டப்பாவின் மூடி போனது, மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதா, புது வீட்டுப் பால்காய்ப்பு எப்போது. வலது பக்கம் அன்றாடக் கணக்கு, மூன்றே கட்டம்: எத்தனை போன் பேசினேன், எத்தனை வீட்டுக்குப் போனேன், எத்தனை புக்கிங் கிடைத்தது. ஓரத்தில் ஒரு வரி, ஏன் இல்லை என்று சொன்னார்களோ அந்தக் காரணம், அவர்கள் வாயில் வந்தபடியே. இந்த ஒரு வரி எழுதுகிற பழக்கம் எப்படி வந்தது என்று நினைவில்லை. ஆனால் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

போன் பேசுவதை ஏன் தனியாக எண்ண வேண்டும் என்றால், நாங்கள் நினைத்தபோது போய்க் கதவைத் தட்ட முடியாது. 2021 டிசம்பர் கடைசியில் மத்திய அரசு நேரடி விற்பனைக்கென்று விதிகள் கொண்டுவந்தது. அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்காமல் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அதில் உண்டு. நல்ல விதி. மத்தியானம் படுத்திருக்கிற வீட்டில் யாராவது வந்து பையைத் திறந்தால் எனக்கும் பிடிக்காது. அதனால் போன்தான் முதல் படி.

2022 ஜூலையில் பதினொரு நாள் தொடர்ந்து மூன்றாவது கட்டம் சுழியாகக் கிடந்தது. எனக்கு ஒரே வெப்ராளம். ராத்திரி தூக்கம் இல்லை. எனக்கு மேலே இருந்த லீடர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஊக்கமூட்டும் வகுப்பு. 700 ரூபாய் கட்டி ஒரு ஹோட்டல் ஹாலில் காலை முதல் சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினோம், என்னால் முடியும் என்று சத்தமாகச் சொன்னோம். மறுநாள் காலை அதே போன், அதே அமைதி. இன்னொரு வழி, டார்கெட் விழாமல் இருக்க நானே சரக்கு எடுத்து வைத்துக்கொள்வது. அதை 2019-லேயே செய்து பட்டிருந்தேன். 14,000 ரூபாய் சரக்கு கட்டிலுக்கு அடியில் ஒரு வருஷம் கிடந்தது, கடன் வட்டி தனியாக ஓடியது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தங்கச்சிமார்களிடம் கை பிடித்துச் சொல்வேன்: வாங்க ஆள் இல்லாத சரக்கை உங்கள் காசில் எடுக்காதீர்கள்.

“ஆடி மாசம், அப்படித்தான் இருக்கும்” என்று லீடர் முடித்துவிட்டார். எனக்கு அது பாதிதான் சரியாகப் பட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது, பரிசுக்கு வாங்குவதும் கிடையாது, உண்மைதான். குழித்துறைப் பக்கம் ஆடி அமாவாசையை ஒட்டி வாவுபலிப் பொருட்காட்சி நடக்கும், டப்பா வாங்குவதை அதற்குத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. ஆனால் என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவ வீட்டார். அவர்களுக்கு ஆடி என்ன, ஆனி என்ன? அங்கேயும் ஏன் சுழி?

2023 ஜூன் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் பழைய நோட்டை எடுத்து ஓரத்து வரிகளை மட்டும் வாசித்தேன். குளச்சல்: “போட்டு கட்டியாச்சு, ஆவஸ்து வரட்டும்.” (போட்டு என்றால் விசைப்படகு, ஆவஸ்து என்றால் ஆகஸ்ட்.) முட்டம்: “தடைக்காலம் மக்கா.” (விசைப்படகில் மீன்பிடிக்கப் போகக் கூடாத காலம்.) குலசேகரம்: “மழ பிடிச்சாச்சு, பால்வெட்டு இல்ல.” (ரப்பர் மரத்தில் பால் எடுக்கிற வேலை.) அருமனை: அதே வரி. தக்கலை: “பிள்ளையளுக்கு ஃபீஸ் கெட்டணும்.” ஒரு வருஷம் இவற்றை என் கையாலேயே எழுதியிருக்கிறேன், சேர்த்து வாசிக்கவில்லை. யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் காசு இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் ஏறிக் கிடந்த ஒன்று இறங்கின மாதிரி இருந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு கடல், விசைப்படகுத் தடைக்காலமும் இரண்டு. கன்னியாகுமரி சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இங்கே பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரிந்த விஷயம்தான், எனக்கும் தெரியும். ஆனால் என் புக்கிங்கோடு சேர்த்து அதை யோசித்ததே இல்லை. குளச்சலில் போட்டு கட்டிக் கிடக்கிற மாதத்தில் சின்னமுட்டத்தில் போட்டு கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். நானோ 2022 ஜூன், ஜூலை முழுக்க மேற்குப் பக்கமே அலைந்திருக்கிறேன்.

அந்த ஜூன் கடைசி வாரத்தில், நோட்டில் பெயர் இருந்த ஒரு சின்னமுட்டத்து அக்காவுக்குப் போன் போட்டேன். “இப்பதான் நாலு காசு கண்ணுல படுது, வா மக்கா” என்றார். அவர் வீட்டு வராந்தாவில் ஏழு பேர் வந்தார்கள். ஃப்ரீசரில் மீன் வைக்கிற டப்பாவைத்தான் எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய், விரலால் ரப்பர் விளிம்பைத் தடவி, தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து, ஒரு சொட்டு விழுகிறதா என்று பார்த்தபிறகுதான் விலை கேட்டார்கள். மீனோடு பழகினவர்களின் கை, ஏமாற்ற முடியாது. ஐந்து ஆர்டர், இரண்டு புக்கிங். 2023 ஜூலைக்கு மொத்தம் ஆறு டெமோ நடந்தது. முந்தின ஜூலையில் ஒன்று.

மேற்குப் பக்கத்தை விட்டுவிடவும் இல்லை. அங்கே அந்த இரண்டு மாதமும் விற்கப் போவதில்லை, மூடி மாற்றப் போகிறேன். இடது பக்கத்தில் மூடி போனது, விளிம்பு கிழிந்தது என்று குறித்திருக்கிற வீடுகளுக்கு மட்டும் போன் பேசிவிட்டுப் போவேன். திங்கள்சந்தையில் ஒரு பாட்டி, எண்பது வயதுக்கு மேல். அவல் போட்டு வைக்கிற டப்பாவின் மூடியைத் தொலைத்துவிட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார். புது மூடியை நான் போட்டுக்கொடுத்ததும் நாலு தடவை திறந்து திறந்து மூடி, “டப்புன்னு சத்தம் கேக்குது பாரு” என்று மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்று ஒரு பைசா விற்பனை இல்லை. சாயாவும் ஏத்தன்பழமும் தந்தார்கள். வலது பக்கத்தில் வீடு என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதியபோது மனசு நிறைந்திருந்தது. ஓணத்துக்கு முந்தின வாரம் அந்த மருமகளே கூப்பிட்டு டெமோ வைத்தாள்.

மந்தமான மாதத்தில் செலவும் பயமுறுத்தும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் காசு இல்லை என்பது என்னைப்போல அலைகிறவர்களுக்குப் பெரிய தெம்பு. வீட்டில் இருந்து கவலைப்படுகிற நேரத்துக்கு, ஒரு மூடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.

இதையெல்லாம் போனிலேயே ஒரு ஆப்பில் போட்டு வைக்கலாமே என்று மகன் கேட்டான், போட்டும் தந்தான். மூன்று மாதம் முயன்றேன். ஆப் எனக்கு மொத்தம் காட்டியது, காரணம் காட்டவில்லை. இன்னொன்று, போனைப் பார்த்துக்கொண்டு பேசினால் எதிரில் இருக்கிற பெண்ணுக்கு நான் வேறு யாரோடோ பேசுகிற மாதிரி இருக்கும். நோட்டை விரித்தால், “போன வருஷம் நான் என்னவெல்லாம் எடுத்தேன், வாசி பாப்போம்” என்று பக்கத்தில் வந்து உட்காருவார்கள். அவரவர் அரைப் பக்கத்தை மட்டும் காட்டுவேன், மற்றதை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொள்வேன். அடுத்த வீட்டுக் கணக்கு அடுத்தவருக்குத் தெரியக் கூடாது.

நாலு நோட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஜூலை எல்லாவற்றிலும் இளைத்துத்தான் இருக்கிறது. ஓணத்தை ஒட்டி மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் முதலில் அசைவு வரும். பிறகு தீபாவளி. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா தொடங்கினால் கிறிஸ்துமஸ் வரை எனக்கு மத்தியானச் சாப்பாடு வீட்டில் கிடையாது. இந்த வருஷம் ஜூலை மூன்றாம் வாரத்தில் ஐந்து நாள் சுழி வந்தது. பழைய பக்கங்களைப் புரட்டி, அதே வாரத்தில் அதே சுழியைப் பார்த்துவிட்டு, அன்றைக்குப் பேச வேண்டிய ஆறு போனையும் பேசி முடித்தேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: கோட்டாறு பஸ் நிறுத்தத்தில் இறங்கி யாரிடம் பைண்டிங் கடை என்று கேட்டாலும் காட்டுவார்கள். ஞாயிறு லீவு. மத்தியானம் ஒன்றரை முதல் மூன்று வரை அண்ணாச்சி சாப்பிட்டுச் சற்றுப் படுப்பார், அப்போது போகாதீர்கள். பாதிப் பணம் முன்னால் கொடுக்க வேண்டும். தாளைத் தொட்டுப் பார்த்து, கனமானது வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், பதினைந்து இருபது ரூபாய் கூடுதலாக ஆகும். ஜனவரிக்கு வேண்டுமென்றால் நவம்பர் முதல் வாரமே சொல்லிவைப்பது நல்லது.

ஐந்தாவது நோட்டுக்கு நான் இப்போதே சொல்லிவிட்டேன். கிழக்குக் கரைப் பக்கங்களுக்கு ஒன்று, மேற்குக் கரைக்கு ஒன்று என்று இரண்டு நிற நாடா வைத்துத் தைக்கக் கேட்டிருக்கிறேன். “பச்சை இருக்கு, நீலம் வாங்கி வைக்கேன் பிள்ளே” என்றார் அண்ணாச்சி.