ஓட்டத்தை அளந்தார்கள், ஆட்டத்தைக் கற்றுத்தரவில்லை: மெல்பர்னில் ஒரு ஃபுட்டி பயிற்சி

மெல்பர்னின் மேற்குப் புறநகரில் ஒரு தனியார் மையம் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்திய ஆறு வார ஃபுட்டி (நீள்வட்டப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்து) பயிற்சியில் என் மகனைச் சேர்த்திருந்தேன். வாரம் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம். கட்டணம் 240 டாலர். பயிற்சியாளர்கள் நேரம் தவறாதவர்கள், பிள்ளைகளிடம் கனிவாகப் பேசியவர்கள். ஆனால் ஆட்டத்திறன் வளர்க்கும் பயிற்சி என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, பாதி நேரத்துக்கு மேல் உடல்திறனை அளப்பதிலேயே கழித்துவிட்டார்கள் என்பது என் மனக்குறை.

முதல் இரண்டு வாரங்களும் 20 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதித்தல், வளைந்து திரும்பி ஓடுதல் என்றே போயின. ஏஎஃப்எல் என்னும் தேசிய ஃபுட்டி லீகின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன் நடக்கும் தேர்வு முகாமிலும் இவற்றைத்தான் அளக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். அந்த முகாமுக்கு அழைக்கப்படுபவர்கள் பல பருவங்கள் ஆடிக் காட்டிய இளைஞர்கள். அவர்களுக்குப் பந்தை உதைக்கத் தெரியும் என்பது முன்பே தெரிந்த செய்தி. 13 வயதில் இதே அளவுகள், யார் சீக்கிரம் வளர்ந்துவிட்டார் என்பதையே பெரும்பாலும் காட்டுகின்றன.

வேகமும் மூச்சும் வேண்டாதவை அல்ல. 185 மீட்டர் வரை நீளக்கூடிய மைதானத்தில், மூச்சு வாங்குகிற ஆட்டக்காரர் கடைசி குவார்ட்டரில் பந்தின் பக்கமே வர முடியாது. எனினும், கால்வேகம் போதாது என்று பேசப்பட்ட கிரெக் வில்லியம்ஸ்தான் 1986-இலும் 1994-இலும் லீகின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பிரவுன்லோ பதக்கம் வென்றார். 2001 டிராஃப்டில் 36-ஆவதாகத் தேர்வான சாம் மிட்செல், வேகத்துக்குப் பெயர்பெறாதவராயினும், இரு கால்களாலும் ஒன்றுபோல உதைக்கும் திறனால் ஹாதார்ன் அணியுடன் நான்கு கோப்பைகளை வென்றார்.

நான்காம் வாரம் வயதில் மூத்த பயிற்சியாளர் ஒருவர் வந்தார். கொடுத்த பணத்துக்கு நிறைவு தந்தது அந்த ஒரு மாலைதான். சிறிய சதுரத்துக்குள் ஐந்து பேரைத் தாக்கவும் மூவரைத் தடுக்கவும் விட்டு, பந்து கைக்கு வருமுன்பே அடுத்தது யாருக்கு என்று முடிவெடுக்கச் சொன்னார். ஓட்டத்தில் கடைசியாக வந்த சிறுவன், மார்க் எடுக்க, அதாவது உதைத்து வந்த பந்தைத் தரையில் படுமுன் பிடிக்க, எல்லோரும் எம்பிய கூட்டத்தில் சேராமல் இரண்டடி பின்னால் நின்றான். விரல்களில் பட்டுச் சிதறிய பந்து நேரே அவனிடம் வந்தது. அவன் தலை நிமிராமலே, இடப்பக்கம் ஓடிவந்தவனுக்கு ஹேண்ட்பால் (ஒரு கையில் பந்தை வைத்து, மடக்கிய மறுகையால் குத்தி அனுப்புவது) கொடுத்தான். நீள்வட்டப் பந்து தரையில் பட்டால் எப்பக்கம் துள்ளும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத ஆட்டத்தில், நிற்க வேண்டிய இடம் தெரிவது எவ்வளவு பெரிய திறன்!

என் மகன் பந்தை மார்பளவு உயரத்திலிருந்து விட்டதால் அது பாதத்தை அடையுமுன்பே சாய்ந்துவிடும். அவர் அவன் கையைப் பிடித்து இடுப்புக்குக் கீழே கொண்டுவந்து, "விட்டெறியாதே, பாதத்தின் மேல் இறக்கி வை" என்றார். பத்துப் பன்னிரண்டு முறைக்குப் பின் டிராப் பன்ட், அதாவது கையிலிருந்து விட்ட பந்தைத் தரையில் படுமுன் உதைக்கும் உதை, பின்பக்கமாகச் சுழன்று நேராகப் பறந்தது.

இறுதியில் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் ஓட்ட நேரமும் குதித்த உயரமும் இருந்தன; உதையைப் பற்றியோ எடுத்த முடிவுகளைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை. ஏற்கெனவே கிளப்பில் ஆடிக்கொண்டு உடல்திறனை மட்டும் கூட்ட நினைக்கும் பிள்ளைக்கு இப்பயிற்சி உதவும். மற்றவர்கள், ஒவ்வொரு மாலையும் எத்தனை நிமிடங்கள் பந்தோடு கழியும் என்று கேட்டுக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.