கரையில் கல்லா, கடலுக்குள் திட்டா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையை இத்தனை காலம் காத்தது கருங்கல் குவியல்தான். ஆனால் கல் சாலையைக் காக்கும், மணலைத் தராது. 1980களில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கியது. அதற்கு வடக்கே உள்ள நகரத்துக் கரை மணல் வராமல் கரைந்து போனது. கல்லில் மோதித் திரும்பும் அலை அடிமணலையும் அரித்துக்கொண்டு போகும்.

தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இறக்கிய ஆப்பு வடிவ எஃகுத் திட்டு வேறு மாதிரி. நீருக்கடியில் சரிவாகக் கிடக்கும் அதன்மேல் அலை ஏறி, கரைக்கு வருமுன்பே உடைந்து வேகம் இழக்கிறது. மணல் கரையில் படிகிறது. வெறும் கல்லாக இருந்த இடத்தில் இப்போது குழந்தைகள் மணலில் விளையாடுகிறார்கள்.

என் ஓட்டு திட்டுக்கே. ஆனால் துறைமுக முகத்துவாரத்தில் தேங்கும் மணலை வாரி வடக்கே போடுவதை நிறுத்திவிட்டால், திட்டு பிடித்துவைக்க மணலே வராது.