போனிலேயே இருக்கும் டிஜிட்டல் வெல்பீயிங்: ஊரடங்கில் ஒன்றரை மாதம் பயன்படுத்திய அனுபவம்

2021 மே 10-ஆம் தேதி தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு வந்தபோது, அண்ணன் சென்னையில் காய்ச்சலோடு தனி அறையில் இருந்தார். நான் ஈரோட்டில். அவருக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் போனை எடுப்பேன். கை தானாக ஃபேஸ்புக்குக்குப் போய்விடும். ஆக்சிஜன் படுக்கை எங்கே, ரெம்டெசிவிர் மருந்து கிடைக்குமா, நடுவே யாருக்கோ கண்ணீர் அஞ்சலி. இரண்டு மணிக்குப் படுத்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸுக்குள், போன் பார்க்கும் நேரத்தைக் காட்டிக் குறைக்க உதவும் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று இருக்கிறது. 2018-இல் அறிமுகமானது, காசு கட்ட வேண்டியதில்லை. திறந்ததும் ஒரு வட்டம் காட்டியது: அன்றைக்கு மட்டும் 7 மணி 12 நிமிடம் போன் பார்த்திருக்கிறேன். அண்ணனோடு பேசியது 9 நிமிடம். அழுகையே வந்துவிட்டது.

ஃபேஸ்புக்குக்கு 40 நிமிட டைமர் வைத்தேன். நேரம் முடிந்தால் ஐகான் சாம்பல் நிறமாகிவிடும், திறக்காது. ஆனால் இந்தக் கணக்கு நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாகத் தொடங்கும். எனக்குப் பயம் ஏறுவதும் அந்த நேரத்தில்தான். 12 ஆகட்டும் என்று விழித்திருந்து திறந்த இரவுகள் உண்டு. டைமரை நாமே எடுத்துவிடவும் முடியும் என்பதால், இதை மட்டும் நம்பினால் போதாது.

எனக்குக் கைகொடுத்தது பெட்டைம் மோட். (போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும்.) இரவு 9.30 முதல் காலை 6 வரை திரை கறுப்பு வெள்ளையாகிவிடும், நோட்டிஃபிகேஷன் சத்தம் வராது. அண்ணன் அழைத்தால் மட்டும் மணி அடிக்கும்படி அவர் எண்ணுக்கு விலக்கு கொடுத்தேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இதைச் செய்யாமல் ஆன் செய்யாதீர்கள். நிறமில்லாத திரையைத் தள்ளித் தள்ளிப் பார்க்க மனம் வரவில்லை. நான்காம் நாள் 11 மணிக்கே தூங்கிவிட்டேன்.

வாட்ஸ்அப்புக்கு டைமர் வைக்க முடியவில்லை. மகளின் ஆன்லைன் வகுப்பு லிங்க் அதில்தான் வரும். சொந்தக்காரர்கள் குரூப்பை மட்டும் மியூட் செய்தேன். சித்தி வருத்தப்பட்டார். அப்புறம் தினமும் சாயங்காலம் நானே கூப்பிட்டுப் பேசினேன்.

மனதில் இருக்கும் பயத்தை ஒரு செட்டிங் ஆற்றிவிடாது. மே கடைசியில் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்து ஒருமுறை பேசினேன். தூக்கமே வராதவர்கள் தயங்காமல் அழையுங்கள்.

அண்ணன் தேறிவிட்டார். நான் சொல்லச் சொல்ல, அவர் போனிலும் ஒன்பதரைக்கு பெட்டைம் மோட் வைத்துக்கொண்டார்.