அரோல்சன் ஆவணக்காப்பகத்தின் இணையத் தேடல்: முதல் முறை பெயர் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள்

நாஜிகளின் முகாம்களில் இருந்த ஒருவரைப் பற்றியோ, போருக்குப் பிறகு அகதி முகாமில் தங்கி வேறு நாட்டுக்குக் கப்பலேறிய ஒரு யூதக் குடும்பத்தைப் பற்றியோ எழுத்துச் சான்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஜெர்மனியின் பாட் அரோல்சன் என்ற சிற்றூருக்கு, காணாமல்போனவர்களைத் தேடும் அலுவலகம் 1946இல் வந்தது. ‘சர்வதேசத் தேடல் சேவை’ என்று பல காலம் அழைக்கப்பட்டு, 2019இல் இப்போதைய பெயரைப் பெற்றது. சுமார் 3 கோடி ஆவணங்கள், 1.75 கோடி பேரைப் பற்றிய குறிப்புகள். 2007 வரை ஆய்வாளர்களுக்கே திறக்காமல் இருந்த இந்தக் களஞ்சியத்தின் பெரும்பகுதியை இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். கட்டணம் இல்லை.

தேடல் பெட்டியில் பெயரைப் போட்டதும் ஒன்றும் வராமல் போவது இங்கே சாதாரணம். அதற்குக் காரணம், முகாம்களிலும் அகதி அலுவலகங்களிலும் ஆளுக்கு ஆள் போட்டு வைத்த பதிவு அட்டைகள் எழுதப்பட்ட விதம். போலந்தில் பிறந்தவரின் பெயரை ஜெர்மன் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். பிறகு அமெரிக்க அதிகாரி தன் வழக்கப்படி தட்டச்சு செய்தார். ‘ச்’ என்ற ஒரே ஒலிக்குப் போலந்துக்காரர் ‘சி, இசட்’ என்று இரண்டு எழுத்து போடுவார், ஜெர்மானியர் ‘டி, எஸ், சி, எச்’ என்று நான்கு போடுவார். இட்ஸ்ஹாக் என்பவர் ஓர் அட்டையில் இட்செக், இன்னொன்றில் இசாக். ஆகவே முதற்பெயரை விட்டுவிட்டுக் குடும்பப் பெயரும் பிறந்த தேதியும் மட்டும் கொடுங்கள். வரவில்லையா, குடும்பப் பெயரும் ஊரும். ஊரின் பழைய பெயர்களையும் மறக்கக் கூடாது: லிவிவ் நகரம்தான் லெம்பர்க், அதுவே லுவூஃப், லோட்ஸ் நகரை 1940இல் லிட்ஸ்மன்ஷ்டாட் என்று மாற்றினார்கள். கைதி எண் தெரிந்தால் அதையும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் முகாம் மாறும்போது எண்ணும் மாறியிருக்கும்.

பிறந்த தேதியை முழுக்க நம்பாதீர்கள். வேலைக்கு ஆகாத சிறுவர்களைக் கொன்றுவிடுவார்கள் என்பதால் பலர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். ஜெர்மன் கையெழுத்தில் 1, நம் கண்ணுக்கு 7 போலவே தெரியும். அவர்களுடைய 7-இல் நடுவே ஒரு குறுக்குக் கோடு இருக்கும். நடுப்பெயர் ‘சாரா’ அல்லது ‘இஸ்ரேல்’ என்றிருந்தால் அது பெற்றோர் வைத்த பெயர்தானா என்று பாருங்கள். 1939 ஜனவரி முதல் ஜெர்மானிய யூதர்கள்மீது சட்டம் போட்டுத் திணித்த பெயர்கள் அவை.

முகாம் அட்டைகளில் ஜெர்மன் சுருக்கெழுத்துகள் நிறைந்திருக்கும். அவற்றைப் படிக்க இதே காப்பகத்தின் ‘இ-கைடு’ என்ற விளக்கப் பக்கம் மிக நன்றாக உதவுகிறது. மாதிரி அட்டையின் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும், ஏன் இருக்கும் என்று தனித்தனியாகச் சொல்கிறது. ‘இதய பலவீனம்’ போன்ற மரணக் காரணங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கொலையை மறைக்க எழுதிய பொய்கள் அவற்றில் ஏராளம்.

உயிர் தப்பியவர்களைத் தேடினால் ‘சிஎம்/1’ படிவங்களைக் கட்டாயம் பாருங்கள். சர்வதேச அகதிகள் அமைப்பிடம் உதவி கேட்டவர்கள் நிரப்பியவை இவை. காப்பக வரிசையில் 3.2.1 என்ற எண்ணின் கீழ் வரும். முகாம் அட்டை ஒருவரை எண்ணாகச் சுருக்கியது. இந்தப் படிவமோ அவரையே பேச வைக்கிறது: போருக்கு முன்பிருந்து எந்தெந்த ஊரில் இருந்தார், என்ன தொழில் செய்தார், எந்த மொழிகள் தெரியும், சொந்த நாட்டுக்கு ஏன் திரும்பவில்லை, எங்கே போக விரும்புகிறார். சிலவற்றில் புகைப்படமும் உண்டு. பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா சொல்லாமல் போன பத்து வருடங்கள் ஒரே தாளில் கிடைத்துவிடலாம். படத்தைச் சேமிக்கும்போது பிரிவு எண்ணையும் ஆவண எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதே தாளை மறுபடி கண்டுபிடிப்பது பெரும்பாடு.

எவ்வளவு தேடினாலும் கிடைக்காதவர்களும் உண்டு. அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு வந்த அன்றே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களை முகாமில் பதிவே செய்யவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் குழிகளின் ஓரத்தில் சுடப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கும் அட்டை கிடையாது. இவர்களுக்கு, கொல்லப்பட்ட யூதர்களின் நினைவகமாக ஜெருசலேமில் இருக்கும் யாத் வஷேமின் பெயர்த் தொகுப்பே துணை. உறவினரும் அறிந்தவரும் கையால் நிரப்பிக் கொடுத்த சாட்சியப் பக்கங்கள் அதில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் தேட வேண்டும்.

நீங்களே தேடி முடியாதபோது காப்பகத்துக்கு விண்ணப்பம் அனுப்பலாம், அதுவும் இலவசம். பெயரின் எல்லா வடிவங்கள், பெற்றோர் பெயர், கடைசியாக இருந்த முகவரி எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் கொடுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். வயதான ஒருவருக்காகக் கேட்கிறீர்கள் என்றால் இன்றே அனுப்பிவிடுங்கள்.

குறை என்றால், ஸ்கேன் செய்தவற்றில் எல்லாமே பெயர்வாரியாகத் தேடக் கிடைப்பதில்லை. பட்டியல்களில் பெயர் இருந்தும் அட்டவணையில் ஏறாதவை இருக்கின்றன. இதைச் சரிசெய்யத்தான் 2020இல் ‘எவ்ரி நேம் கவுண்ட்ஸ்’ என்ற தன்னார்வப் பணி தொடங்கியது. திரையில் வரும் அட்டையைப் பார்த்துப் பெயர், தேதி, ஊர் ஆகியவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டும்; ஜெர்மன் தெரியாதவர்களும் செய்யலாம். அட்டையில் பெயர் பிழையாக இருந்தாலும் திருத்தாதீர்கள், இருக்கிறபடியே அடியுங்கள்.