நமீபியாவை மேலிருந்து பார்க்க: காப்பர்நிக்கஸ் பிரவுசர் எப்படி?

பாலைவனம் பார்க்க கூகுள் எர்த் போதாதா என்றால், அழகு பார்க்கப் போதும். ஆனால் தென்மேற்கு ஆப்பிரிக்க நாடான நமீபியாவில் மழைக்குப் பிறகு தண்ணீர் தேங்கி நிற்கும் இடம், நான்கைந்து மாதம் கழித்து வெள்ளைக் களிமண்ணாகக் காய்ந்து கிடக்கும். படம் எந்தத் தேதியில் எடுத்தது என்று தெரியாவிட்டால் பாதி விஷயம் போச்சு. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் இணையதளமான காப்பர்நிக்கஸ் பிரவுசர் அந்தத் தேதியை நம் கையில் கொடுக்கிறது. இலவசம்தான். பார்க்க மட்டும் என்றால் கணக்குகூடத் தேவையில்லை. டவுன்லோடுக்கும், பல தேதிப் படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸுக்கும் தேவை. சென்டினல்-2 என்ற செயற்கைக்கோள் வரிசையின் படங்கள் 2015 முதல் இருக்கின்றன. 2017-இல் இரண்டாவது செயற்கைக்கோள் சேர்ந்ததிலிருந்து ஏறக்குறைய 5 நாளுக்கு ஒரு படம், ஒரு பிக்சலுக்கு 10 மீட்டர்.

தொடங்க எளிதான இடம், நமீப் பாலைவன மணற்குன்றுகளுக்கு நடுவே உள்ள களிமண் படுகையான சோசஸ்ஃப்லை. தேடல் பெட்டியில் -24.73, 15.29 என்று அட்சரேகையை முதலில் போட வேண்டும். மைனஸ் விட்டுப்போனால் லிபியாவின் தெற்கில் போய் இறங்குவீர்கள். அதுவும் பாலைவனம்தான் என்பதால் சட்டென்று பிடிபடாது. இரண்டு எண்களையும் மாற்றிப் போட்டால் கேப் வெர்டே பக்கம் கடல் வரும். அது பரவாயில்லை, பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அடுத்தது, படத்தில் எவ்வளவு மேகம் இருக்கலாம் என்று வடிகட்டும் மேக அளவு. எல்லோரும் ஸ்லைடரை 10 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு, படமே இல்லை என்பார்கள். காரணம் இரண்டு. பெங்குவேலா குளிர் நீரோட்டத்தால் நமீபியக் கடற்கரையில் காலை வேளையில் மூடுபனி சகஜம். சென்டினல்-2 கடப்பதும் முற்பகலில்தான். மேக சதவீதம் படத்தை வெட்டித் தரும் சுமார் 110 கிலோமீட்டர் சதுரத் துண்டு (டைல்) முழுவதற்கும் சேர்த்துச் சொல்லப்படுவதால், பனி கடல்மேல் மட்டும் இருந்தாலும் உள்நாட்டு மணற்குன்றுகள் பளிச்சென்று தெரியும் படம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். இன்னொன்று, எல்2ஏ (வளிமண்டலத்தின் பாதிப்பு நீக்கப்பட்ட) படங்களில் மேகத்தை அடையாளம் காணும் நிரல் வெளுத்த மணலையும் உப்புப் படுகையையும் சில சமயம் மேகமென்றே எண்ணிவிடும். அதனால் ஸ்லைடரை 50, 60-இல் விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது. கடற்கரையில் மணற்குன்றுகள் கடலைத் தொடும் சாண்ட்விச் ஹார்பரைப் பார்க்க வேண்டுமானால் தேதி தேதியாகப் புரட்டும் பொறுமை வேண்டும்.

குன்றுகளின் வடிவம் தெரிய ஜூன், ஜூலை படங்களை எடுங்கள். அப்போது படமெடுக்கும் நேரத்தில் சூரியன் வடகிழக்கில், அடிவானத்திலிருந்து 35 டிகிரி சுமாருக்குத்தான் இருக்கும். மணல் சரியும் முகத்தின் சாய்வு 32 முதல் 34 டிகிரி. ஆகவே தென்மேற்கைப் பார்த்த முகங்களை வெளிச்சம் உரசிக்கொண்டு போகும். அவை இருண்டு, முகடுகள் கத்தி போல நிற்கும். பல பக்கமும் முகடுகள் பிரியும் நட்சத்திரக் குன்றுகளின் கைகளை எண்ணிவிடலாம். டிசம்பரில் சூரியன் 60 டிகிரிக்கு மேல் ஏறிவிடுவதால் அதே இடம் தட்டையான ஆரஞ்சுத் துணியாகிவிடும். ஒரு எச்சரிக்கை: இந்த இருட்டை நிழலென்று அளந்து குன்றின் உயரம் கணக்கிட வேண்டாம். சூரியன் சாய்வைவிட மேலே இருப்பதால் அது விழுந்த நிழல் இல்லை, மங்கிய முகம் மட்டுமே.

வடக்கு நமீபியாவின் எட்டோஷா உப்புப் படுகையில் இயல்பு நிறப் படம் வெளுத்துப்போய் எதுவுமே தெரியாது. 'ஹைலைட் ஆப்டிமைஸ்டு' லேயருக்கு மாறினால் விளிம்பும் வடக்கிலிருந்து வந்து சேரும் எகுமா, ஒஷிகாம்போ ஆற்றுவாய்களும் தெரியும். தண்ணீரைத் தேட பேண்ட் (செயற்கைக்கோள் தனித்தனியாகப் பதியும் ஒளி அலைவரிசை) 3-யும் 11-யும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு நல்லது. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க: வழுவழுப்பான காய்ந்த களிமண்ணும் ரேடாரில் தண்ணீர் மாதிரியே கருப்பாகத்தான் வரும்.

பாறைக்கு வந்தால் இந்தக் கருவியின் அருமை புரியும். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான 2,573 மீட்டர் கோனிக்ஸ்டைன் இருக்கும் பிராண்ட்பெர்க், மேலிருந்து வட்டமான கருங்கல் கட்டி. கஸ்டம் பகுதியில் சிவப்புக்கு பேண்ட் 12, பச்சைக்கு 8, நீலத்துக்கு 2 என்று இழுத்துப் போட்டால் சுற்றியுள்ள பாறை வகைகள் தனித்தனி நிறமாகப் பிரியும். தென்மேற்கில் மெசம் எரிமலை வளையத்தையும் விட்டுவிடாதீர்கள். பேண்ட் 12 உண்மையில் 20 மீட்டர்தான். பெரிதாக்கினால் கூர்மை கூடாது. அது படத்தின் கோளாறு அல்ல.

கூகுள் எர்த் ப்ரோவையும் கணினியிலிருந்து அழித்துவிடாதீர்கள். நமீப் புல்வெளியில் புல் முளைக்காத வட்டத் திட்டுகளான 'தேவதை வட்டங்கள்' பெரும்பாலும் 2 முதல் 12 மீட்டர் குறுக்களவு என்பதால் சென்டினலில் பிடிபடாது. கூகுள் எர்த்தில் தெளிவாகத் தெரியும். பாதை வரைந்து வலது கிளிக் செய்தால் உயர விவரம் கிடைக்கிறது. மீன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே போட்டுப் பார்க்க அருமை. குன்றுகளில் மட்டும் அந்த உயரத்தை அப்படியே நம்பக் கூடாது, முகடு மழுங்கித்தான் வரும். நிறத்தையும் நம்பாதீர்கள். கடலோரம் வெளிர் மணல், உள்ளே போகப் போகச் சிவப்பு என்பது நிஜம். இரும்பு ஆக்சைடு பூச்சுதான் காரணம். ஆனால் அந்த மாற்றம் படிப்படியாக வரும். நேர்க்கோட்டில் சட்டென்று நிறம் மாறினால் அது வெவ்வேறு நாள் படங்களை ஒட்டிய தையல்.

காப்பர்நிக்கஸில் எரிச்சலூட்டுவது டவுன்லோடு. 'அனலிட்டிகல்' பகுதியில் டிஃப் (TIFF) படக் கோப்பு எடுக்கும்போது படத்தின் ஒரு பக்க நீளம் 2,500 பிக்சல்தான் உச்சம். 10 மீட்டர் துல்லியத்தில் அது 25 கிலோமீட்டர், சோசஸ்ஃப்லைக்குப் போதும். 120 கிலோமீட்டர் நீளமுள்ள எட்டோஷாவை ஒரே படமாகக் கேட்டால் 50 மீட்டர் துல்லியத்துக்குத் தேய்ந்துவிடும். துண்டு துண்டாக எடுத்து கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளில் ஒட்டலாம். எல்லாத் துண்டுக்கும் ஒரே தேதி, ஒரே ஆயத்தொலை முறை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 'சர்ச்' பகுதிக்குப் போய் முழு டைலையும் இறக்கலாம். கோப்பு நூற்றுக்கணக்கான எம்பி இருக்கும். போனில் இந்த வேலையெல்லாம் வேண்டாம். பட்டன்கள் விரலுக்கு அகப்படாத அளவு நெருக்கம்.