சிறுவயதில் அடிபட்ட கண்ணும் யாழ்ப்பாணத்தில் ஒரு கண் சிகிச்சை நிலையமும்

யாழ்ப்பாண நகரில் உள்ள தனியார் கண் சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு வாசிப்புக் கண்ணாடியை மாற்றவே சென்றிருந்தேன். வலக் கண்மணி சற்று விரிந்து வட்டம் குலைந்திருப்பதைக் கவனித்த வைத்திய நிபுணர், கண்ணாடியைப் பற்றிப் பேசும் முன்னரே, "சின்ன வயதில் இந்தக் கண்ணில் அடி ஏதும் பட்டதோ?" என்று கேட்டார். பதினொரு வயதில் கிட்டிப்புள் பட்டு, கண்ணுக்குள் இரத்தம் தேங்கி, ஒரு கிழமை படுக்கையில் கிடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளாக ஒருவரும் கேட்டதில்லை. பார்வை தெளிந்துவிட்டதால் நானும் சொன்னதில்லை. முன்னர் போய்வந்த இன்னோர் இடத்தில் கண்ணின் உள்ளழுத்தத்தை அளக்காமலே இரண்டு தடவை கண்ணாடி மாற்றித் தந்தார்கள்.

இங்கு அளந்தபோது அழுத்தம் இடக்கண்ணில் 15 மி.மீ. பாதரசம், வலக்கண்ணில் 34. சாதாரணமாக அது 21ஐத் தாண்டுவதில்லை. கண்மணியை விரிக்கும் மருந்தை விடுவதற்கு முன்பாக, கண்ணை மரக்கச் செய்து, ஆடி பொருத்திய வில்லையொன்றை அதன்மேல் வைத்து, உள்நீர் வடியும் கோணத்தைச் சுற்றிவரப் பார்த்தார். அடியில் அந்தக் கோணத்தின் தசை கிழிந்து பின்வாங்கியிருந்தால், பல பத்தாண்டுகள் கழித்தும் வடிகால் அடைபட்டு அழுத்தம் ஏறக்கூடும் என்பதையும், வலியோ சிவப்போ இல்லாமலே பார்வை நரம்பு கெடும், கெட்ட நரம்பு மீளாது என்பதையும் ஒரு தாளில் படம் கீறி விளக்கினார். எனக்கு அரைவட்டத்துக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. பின்னர் விழித்திரையின் ஓரம்வரை பார்த்து, கிழிசல் இல்லை என்றும், கண்புரை தொடங்கியிருக்கிறது என்றும் சொன்னார்.

அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலோல் துளிமருந்தை எழுதுமுன் தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறதா என்று விசாரித்ததும், மருந்து விட்டபின் கண்ணை மூடி மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கத் தாதி பொறுமையாகப் பழக்கியதும் என் மனத்தில் நிற்கின்றன.

குறையும் உண்டு. பார்வைப் புலத்தை, அதாவது கண் காணும் பரப்பை, அளக்கும் கருவி அங்கே இல்லாததால் அந்தப் பரிசோதனைக்கு வேறிடம் போக வேண்டியிருந்தது. கையில் தந்த குறிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தமையால், எந்தக் கண்ணுக்கு எத்தனை துளி என்பதை வீட்டாருக்கு நானே தமிழில் எழுதி வைத்தேன். ஆறு கிழமையில் அழுத்தம் 19க்கு இறங்கியுள்ளது. அடுத்த தவணைக்கும் அங்கேதான் போகிறேன், சிறுவயதில் பந்து பட்ட கண்ணோடு இருக்கும் என் தம்பியையும் கூட்டிக்கொண்டு.