குழுவோடு டிரேடிங்கா, தனியாகவா?

கூட்டத்தோடு பங்கு வாங்கும்போது வரும் தைரியம் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. 2021 ஜனவரியில் அமெரிக்காவின் கேம்ஸ்டாப் பங்கை ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் ஒருவரையொருவர் உசுப்பேற்றி வாங்கினார்கள், விலை இறங்கும் என்று நம்பிக் கடன் வாங்கிய பங்கை விற்று ‘ஷார்ட்’ அடித்தவர்களும் பதறித் திருப்பி வாங்க, ஜனவரி 28 அன்று 483 டாலர் வரை போனது, பிப்ரவரி 2 அன்று 90 டாலரில் முடிந்தது. நடுவில் விற்றால் ‘காகிதக் கை’, அதாவது பிடித்து நிற்கத் தெரியாத கோழை என்று கேலி. நட்டத்தைவிட அந்தக் கேலி சுடும்.

தனியாகச் செய்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை. வாங்கும் முன்பே நோட்டில் ஸ்டாப்லாஸ், அதாவது நட்டம் பெருகாமல் விற்றுவிட வேண்டிய விலையை எழுதி, விலை அங்கே வந்ததும் வெளியேறலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். ஆனால் தப்பைச் சுட்டிக்காட்டவும் ஆள் கிடையாது.

சரி, எது மேல்? செய்தி தெரிந்துகொள்ளக் குழு போதும். வாங்க, விற்க நான் தனிமையைத்தான் சொல்வேன், அதுவும் மார்க்கெட் நேரத்தில் குழுவை மியூட் செய்துவிட்டு.